சிலந்தி சொல்லாத வரலாறு

ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸ் என்றதும் குகைச் சிலந்தியே நம் நினைவிற்கு வருகிறது. அக்கதை அவன் காலத்து ஏடுகளில் இல்லை. பிற்காலத்தில் வால்டர் ஸ்காட்டின் எழுத்தால் பரவியது. சிலந்தியை விலக்கினால்தான் உண்மையான புரூஸைக் காணலாம் என்பது என் கருத்து.

1274-இல் பிறந்த புரூஸ், இளமையில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டை எதிர்ப்பதும் பின் பணிவதுமாக இருந்தான். 1306 பிப்ரவரியில், அரியணைக்குப் போட்டியாக நின்ற ஜான் காமினை டம்ஃப்ரீஸ் தேவாலயத்திலேயே கொன்றான்; அடுத்த மாதம் ஸ்கோனில் முடி சூடினான். அதற்கு அவன் கொடுத்த விலை பெரிது. மெத்வன் போரில் படை சிதறியது. மனைவியும் மகளும் சிறைப்பட்டனர். ஓராண்டிற்குள் தம்பியர் மூவர் கொல்லப்பட்டனர்.

எனக்கு வியப்பளிப்பது அதன்பின் நிகழ்ந்த மாற்றமே. நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து, மறைந்திருந்து தாக்கினான். கைப்பற்றிய கோட்டைகளைப் பகைவர்க்குப் பயன்படாதவாறு இடித்தான். காலம் கனிந்தபோது, 1314 ஜூனில், பானக்பர்ன் களத்தில் இரண்டாம் எட்வர்டின் பெரும்படையை முறியடித்தான். பிடிபட்ட ஆங்கிலப் பிரபுவுக்கு ஈடாக மனைவியையும் மகளையும் மீட்டான். 1328-இல் இங்கிலாந்து ஸ்காட்லாந்தின் விடுதலையை ஒப்புக்கொண்டது. மறு ஆண்டில் புரூஸ் மறைந்தான்.

கதைச் சிலந்தி அதே நூலை மீண்டும் மீண்டும் வீசியது. புரூஸோ தோல்வியிலிருந்து கற்று, வழியையே மாற்றினான். மாணவ நண்பர்களே, விடாமுயற்சியோடு நாம் கற்க வேண்டியது இதுவே.