78 வயசுல மீண்டும் குட்டி விமானம்: ஜே.ஆர்.டி. டாடா எடுத்த ரிஸ்க் எவ்வளவு பெருசு?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துல விமானம்னு பேச்சு எடுத்தா, உளுந்தூர்பேட்டையில் இருக்கும் இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் போருக்கு முன்னாடியே இந்தப் பக்கத்து வானத்துக்கு விமானம் வந்துவிட்டது. 1938-ல் டாடாவின் தபால் விமான சேவை சென்னையிலிருந்து திருச்சி வழியாக கொழும்பு வரை நீண்டது. வரைபடத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்க. கோடு கிட்டத்தட்ட உளுந்தூர்பேட்டை மேலேயே போகும். வலது பக்கம் தூரத்தில் கல்வராயன் மலை.

அந்த சேவையைத் தொடங்கியவர் ஜே.ஆர்.டி. டாடா. பெரிய தொழிலதிபர்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி அவர் ஒரு பைலட்.

இந்தியாவின் முதல் லைசென்ஸ்

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். பிரான்ஸின் ஆர்டெலோ கடற்கரையில், விமான முன்னோடி லூயி பிளெரியோ வீட்டுப் பக்கத்தில் விடுமுறையைக் கழித்த பையனுக்கு விமானப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. பம்பாய் ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்தார். நாலு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியிலேயே தனியாகப் பறந்துவிட்டார். 1929 பிப்ரவரி 10-ல் கையில் லைசென்ஸ். இந்தியாவில் கொடுக்கப்பட்டதில் எண் 1 அதுதான்.

1930-ல் ஆகா கான் பரிசுப் போட்டி. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கணும். கராச்சியிலிருந்து கிளம்பிய ஜே.ஆர்.டி., எகிப்தின் அபூகிரில் எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியரைப் பார்த்தார். ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் ஆஸ்பி. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார் ஜே.ஆர்.டி. பரிசை ஜெயித்தது ஆஸ்பி! பின்னாளில் இந்திய விமானப்படையின் தளபதியானவரும் அதே ஆஸ்பிதான்.

1932 அக்டோபர் 15-ல் தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹூவுக்கு பஸ் மாத் விமானத்தை ஓட்டினார். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்! அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நண்பர் நெவில் வின்சென்ட். ரேடியோ எதுவும் கிடையாது. ஆறு, ரயில் பாதை, மலை, இவைதான் வழிகாட்டி.

சின்ன இன்ஜின், பெரிய தலைவலி

பஸ் மாத் இன்ஜினின் சக்தி சுமார் 120 குதிரைத்திறன். இன்னைக்கு ரோட்டில் ஓடும் எஸ்யூவி காருக்கே அவ்வளவு இருக்கும். பெரிய விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கும் இது புதுப் பாடம்தான்.

முதல் சிக்கல் தரையிலேயே தொடங்கும். வால் தரையில் உட்கார்ந்திருக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னாடி இருக்கும் ஓடுபாதையே சரியா தெரியாது. வேகம் எடுக்கும்போது கால் பெடலை மிதித்து ரட்டரைச் சரி பண்ணிக்கொண்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தால் விமானம் சுற்றிவிடும்.

மேலே போனால் வேறு தொல்லை. வெயில் ஏற ஏற காற்றின் அடர்த்தி குறையும். இன்ஜின் சக்தியும் இறக்கை தூக்கும் திறனும் சேர்ந்தே குறையும். நம்ம ஊர் மே மாத மத்தியானத்தை நினைச்சுப் பாருங்க. கல்வராயன் மலை 3,000 அடியைத் தாண்டும். தென்மேற்குப் பருவக் காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் பக்கத்தில் நெருங்கிப் பறந்தால், காற்று கீழே தள்ளும் வேகம் சின்ன இன்ஜின் மேலே தூக்கும் வேகத்தை ஜெயிக்கலாம். த்ராட்டிலை முழுசாகத் தள்ளினாலும் பயன் இல்லை. மலையை விட்டு விலகணும், அதையும் முன்கூட்டியே முடிவு பண்ணணும்.

இறங்கும்போது தலைகீழ் பிரச்னை. பஸ் மாத் சீக்கிரம் கீழே வராது, மிதந்துகொண்டே போகும். அதனால் சக்கரக் கால்களின் உறையைத் திருப்பி, காற்றில் பிரேக் போடுவது மாதிரி வடிவமைத்திருந்தார்கள். இது தெரியாதவர் ஓடுபாதையைத் தாண்டித்தான் இறங்குவார்.

இந்த ஆபத்து ஜே.ஆர்.டி.க்குப் புதுசு இல்லை. தம்பி ஜிம்மியை இளம் வயதிலேயே விமான விபத்தில் இழந்தவர். 1942-ல் போர்க்கால விமானப் பயணத்தில் வின்சென்ட்டையும் இழந்தார்.

பதவி போன பிறகு...

1953-ல் ஏர் இந்தியா அரசுடைமையானது. ஆனாலும் தலைவராக அவரே தொடர்ந்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது. 46 வருஷ உறவு, ஒரே உத்தரவில் முடிந்தது.

நாலு வருஷம் கழித்து, 1982 அக்டோபர் 15. முதல் பயணத்தின் 50-வது ஆண்டு. 78 வயசு ஜே.ஆர்.டி., பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் ஏறி கராச்சியிலிருந்து கிளம்பினார். 130 குதிரைத்திறன் இன்ஜின், ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்தே சுமார் ஒரு டன் எடை. போயிங் ஜெட் விமானங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவருக்கு இப்படி ஒரு விமானத்தை ஓட்டவேண்டிய அவசியமே இல்லை. இளைஞர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரணும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அகமதாபாத்தில் இறங்கி, மீண்டும் கிளம்பி, ஜூஹூவில் பத்திரமாகத் தரையிறக்கினார்.

1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். பிறந்த பாரிஸிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.