மாண்டிசோரி அம்மையாரும் ஒதுக்கப்பட்ட பாலரும்

அனகாபுத்தூரின் ஓரமாய் ஓடும் அடையாறு கடலோடு கலக்குமிடத்தில் பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. 1939ஆம் வருஷத்தில் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கு வந்து, நம் தேசத்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியளிக்கலானார். அவர் பெயரை அறியாதார் சிலரே. அவரது கல்விமுறை எந்தக் குழந்தைகளிடத்தில் பிறந்தது என்பதை அறிந்தோரும் சிலரே.

1870இல் இத்தாலியில் பிறந்த அம்மையார் 1896இல் ரோமாபுரியில் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் புத்தி மந்தமென்று முத்திரையிடப்பட்ட பாலரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களைக் கண்ட அம்மையார், அவர்களுக்கு வேண்டுவது மருந்தைக் காட்டிலும் தக்க போதனையே என்று துணிந்தார். இதார், செகன் என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைக் கற்றார். 1900இல் அத்தகைய பாலருக்கென ரோமாபுரியில் ஏற்பட்ட பாடசாலையை நடத்தும் பொறுப்பில் பங்கேற்றார். மரத்தாலான எழுத்துக்களை விரலால் தடவச் செய்து எழுதக் கற்பித்தார். அவர்களிற் சிலர் மற்றப் பிள்ளைகளோடு சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, குறையேதுமற்ற பிள்ளைகளை இவர்களுக்குச் சமமான நிலையிலேயே நிறுத்தி வைத்திருக்கும் சாதாரணப் பள்ளிகளின் குறை யாது என்று சிந்திக்கலானார். அச்சிந்தனையின் பயனே, 1907இல் ஸான் லோரென்ஸோ என்ற ஏழைகளின் பேட்டையில் அவர் திறந்த பாலர் இல்லம்.

1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, ஆங்கில சர்க்கார் அவரைப் பகைநாட்டாராகக் கருதி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மகனையும் சிறிது காலம் காவலில் வைத்தது. அம்மையார் போதனையை நிறுத்தவில்லை. 1952இல் ஹாலந்தில் காலமானார்.

இன்று அவர் பெயர் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பலகைகளிலேயே காணப்படுகிறது. ஒதுக்கப்பட்ட பாலரிடம் பிறந்த வித்தை, அவர்களுக்கே எட்டாப் பொருளாகிவிட்டது. இது தகுமா? ஆட்டிசம் உடைய குழந்தைகளும், எழுத்துக்கூட்டத் திணறும் டிஸ்லெக்சியாக் குழந்தைகளும் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவர்கள். சட்டத்தில் கிடைத்த இடம் வகுப்பறையிலும் கிடைக்க வேண்டாமா?

அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நாரையும் தறியிலேற்றிச் சேலை நெய்கிறார்கள். பருத்தியைப் போலில்லை என்று நாரை அவர்கள் எறிந்துவிடவில்லை. நாரின் குணமறிந்து கையைப் பழக்கினார்கள். பாடசாலைகளும் அவ்வாறே பழக வேண்டும். இரைச்சலில் கலங்கும் குழந்தைக்கு அமைதியான ஓரிடமும், எழுதத் தாமதிப்பவனுக்குக் கூடுதல் நேரமும், வாயால் விடை சொல்ல வல்லவனுக்கு அதற்கான அனுமதியும் வேண்டும். இவற்றையெல்லாம் உபாத்தியாயர் ஒருவர் தலைமேல் சுமத்துவது நியாயமன்று. அவருக்குப் பயிற்சியும் துணையாளும் அளிப்பது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நமது கடமை.