பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொன்ன கௌஹர் ஜான்: இந்தியாவின் முதல் இசைத்தட்டு நட்சத்திரத்தின் கதை

இசை ரசிகர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு எதிலாவது நீங்கள் இருந்தால், இது ஒருமுறையாவது நடந்திருக்கும். நள்ளிரவில் யாரோ ஒருவர் பழைய ஆடியோ ஒன்றைப் போடுவார். கூடவே, ஹெட்போன் போட்டுக் கேளுங்க என்று ஒரு வரி. பிளே பண்ணினால் முதலில் வருவது கரகர சத்தம்தான். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வேகமாக, துணிச்சலாக மேலே ஏறும். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். கடைசி நொடியில் அந்தக் குரல் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லும்: கௌஹர் ஜான்.

2018 ஜூன் 26 அன்று கூகுள் டூடுலில் வந்தாரே, அவரேதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் கைமாற்றிக் கொண்டிருக்கும் குரல் இது. யார் இவர்? பாட்டு முடிந்ததும் ஏன் பெயரைச் சொன்னார்?

ஏஞ்சலினா, கௌஹர் ஆன கதை

1873 ஜூன் 26. இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் அசம்கரில் அவர் பிறந்தார். வைத்த பெயர் ஏஞ்சலினா யோவர்ட். அப்பா ராபர்ட் வில்லியம் யோவர்ட், ஆர்மீனிய வம்சாவளி. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. அம்மா விக்டோரியா இசையும் நடனமும் தெரிந்தவர்.

1879-ல் பெற்றோர் பிரிந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மகளோடு காசிக்குப் போன விக்டோரியா, இஸ்லாத்தைத் தழுவி மல்கா ஜான் ஆனார். எட்டு வயது ஏஞ்சலினா, கௌஹர் ஜான் ஆனாள். கௌஹர் என்றால் பாரசீகத்தில் ரத்தினம்.

மல்கா ஜான் சாதாரண ஆள் இல்லை. காசியில் பேர் வாங்கிய பாடகி, உருதுவில் கவிதை எழுதி நூலாகவே வெளியிட்டவர். 1883-ல் இருவரும் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர் அதுதான். பணமும் ரசிகர்களும் அங்கேதான் இருந்தார்கள். பல ஆசிரியர்களிடம் பாட்டு, பிந்தாதீன் மகராஜிடம் கதக் என்று கௌஹர் கற்றுக்கொண்டார். 1887-ல் தர்பங்கா அரசவையில் முதல் கச்சேரி. அப்போது வயது பதினாலுதான்.

1902: ஹோட்டல் அறையில் ஒரு குழாய்

லண்டனைச் சேர்ந்த கிராமபோன் கம்பெனி, இந்தியச் சந்தைக்கு இந்தியப் பாட்டு வேண்டும் என்று முடிவு செய்தது. ஒலிப்பதிவு செய்ய அனுப்பியது பிரெட் கெய்ஸ்பெர்க்கை. அதே ஆண்டு ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகரில், ஓபரா பாடகர் கரூசோவின் குரலைப் பதிவு செய்த அதே ஆள்.

1902 நவம்பரில் கல்கத்தாவின் ஒரு ஹோட்டல் அறைதான் ஸ்டூடியோ. நவம்பர் 11 அன்று கௌஹர் ஜான் அங்கே வந்தார், நகைகளோடும் பக்கவாத்தியக்காரர்களோடும். ஒருமுறை போட்ட நகையை அவர் மறுமுறை போட்டு வந்து பார்த்ததில்லை என்று கெய்ஸ்பெர்க் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சம்பளமாக 3,000 ரூபாய் கேட்டு வாங்கினார் என்பார்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவில் முதலில் பதிவான குரல் இவருடையது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மை இல்லை. அவருக்குச் சில நாட்கள் முன்பே, கல்கத்தா நாடக மேடையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் அதே கருவியின் முன் பாடியிருந்தார்கள். 1899-லேயே லண்டனில் சில இந்தியக் குரல்கள் பதிவாகியிருந்தன. ஆனால் இசைத்தட்டால் நாடு முழுக்கப் புகழ் பெற்ற முதல் நட்சத்திரம் யார் என்றால், பதில் கௌஹர்தான்.

மைக் இல்லாமல் எப்படிப் பதிவு செய்தார்கள்?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மைக் கிடையாது, மின்சாரமும் தேவையில்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய புனல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் முகத்தை வைத்துச் சத்தமாகப் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஊசியை அசைக்கும், ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான். தப்புப் பண்ணினால் எடிட் கிடையாது, முதலிலிருந்து பாட வேண்டும்.

நேரமும் சுமார் மூன்று நிமிடம்தான். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிப் பழகியவர்களுக்கு இது பெரிய சிக்கல். பெரிய உஸ்தாத்துகள் பலர் பக்கத்திலேயே வரவில்லை. கருவி குரலை உறிஞ்சிவிடும் என்ற பயம் சிலருக்கு. பரம்பரைச் சொத்தான பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்டுத் திருடிவிடுவார்கள் என்ற கவலை வேறு சிலருக்கு.

கௌஹர் அந்த மூன்று நிமிடத்தைத் தன் வசமாக்கினார். மெதுவான ஆலாபனையைச் சுருக்கி, பாட்டின் முகத்தை உடனே காட்டி, வேகமான தான்களை அடுக்கி, சரியான இடத்தில் முடித்தார். அதற்கென்றே ஒரு வடிவத்தை உருவாக்கினார் என்றே சொல்லலாம். பின்னால் வந்த பலர் அதே வழியில் பாடினார்கள்.

முதலில் துணிந்தவர்கள் பெரும்பாலும் தவாயிஃப் மரபுப் பெண்கள்தான் என்பதைக் கவனிக்கணும். தெற்கிலும் இதே கதைதான். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற, தேவதாசி மரபில் வந்த பெண்களின் குரல்கள்தான் ஆரம்பகால இசைத்தட்டுகளில் ஒலித்தன. கெளரவமான குடும்பங்கள் இவர்களை வீட்டுக்குள் விடாது. ஆனால் இவர்களின் தட்டுகள் அதே வீடுகளின் கூடத்தில் சுழன்றன.

பெயரை ஏன் சொன்னார்?

காரணம் ரொம்ப சிம்பிள். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகும். அங்கேதான் விற்பனைக்கான தட்டுகளை அச்சடித்தார்கள். அங்கிருந்த தொழிலாளர்களுக்கு இந்திய மொழிகள் தெரியாது. யார் பாட்டு என்று தெரிந்து லேபிள் ஒட்ட, பாடகரே கடைசியில் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

லேபிளுக்காகச் செய்த அந்த ஏற்பாடே கடைசியில் அவருடைய முத்திரை ஆகிவிட்டது. 1908-ல் கல்கத்தா சியால்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. ஆனாலும் ரசிகர்களுக்கு அந்தப் பெயர் அறிவிப்பு இல்லாமல் கௌஹர் இல்லை.

1902 முதல் 1920 வரை, பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 பதிவுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. 1910-ல் சென்னைக்கு வந்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடியிருக்கிறார். 1911 டெல்லி தர்பாரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னால் அலகாபாத் ஜானகி பாயோடு சேர்ந்து பாடினார். அவர் முகம் அஞ்சல் அட்டைகளில் வந்தது. ஆஸ்திரியாவில் தயாரான தீப்பெட்டியில்கூட வந்தது.

கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்த பெயர்

நாடு முழுக்கத் தெரிந்த அந்தப் பெயரை அவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்ததுதான் இந்த வாழ்க்கையின் பெரிய முரண்.

1906-ல் அம்மா மல்கா ஜான் இறந்தார். வீட்டில் வளர்ந்த, பணிப்பெண்ணின் மகன் ஒருவர், மல்காவின் உண்மையான வாரிசு நான்தான் என்று சொத்துக்கு உரிமை கோரினார். கௌஹர் முறையான மகளே அல்ல என்பது வாதம். பெற்றோருக்குச் சட்டப்படி பிறந்தவள்தான் என்று காட்ட, சிறுவயதில் விட்டுப்போன அப்பாவைத் தேடிப் போனார் கௌஹர். சாட்சி சொல்ல அப்பா பணம் கேட்டார் என்கிறது அவர் வாழ்க்கை வரலாறு. வழக்கில் கௌஹர் ஜெயித்தார். ஆனால் மகள் என்று சொல்வதற்கே விலை பேசிய அப்பாவிடம் அவர் என்ன உணர்ந்திருப்பார்?

அதன்பிறகு தன்னிடம் உதவியாளராக இருந்த அப்பாஸ் என்பவரை நம்பினார், மணந்தார். அதுவும் சொத்துத் தகராறாகி நீதிமன்றத்தில்தான் முடிந்தது. சம்பாதித்ததில் பெரும்பகுதி வழக்குகளிலேயே கரைந்தது.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. தவாயிஃப் மரபுக்கு எதிரான குரல்கள் வலுத்தன. புதிய பாடகிகள் வந்தார்கள். 1925-க்குப் பிறகு மைக் வழியான மின்சார ஒலிப்பதிவு வந்து, மென்மையான குரலும் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. புனலுக்குள் உரக்கப் பாடிய தலைமுறைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது மைசூர். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசவையில் 1928 ஆகஸ்ட் 1 முதல் ஆஸ்தான வித்வான் பதவி கிடைத்தது. ஒன்றரை ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1930 ஜனவரி 17 அன்று, 56 வயதில், மைசூரிலேயே இறந்தார். பல லட்சம் வீடுகளுக்குப் போன குரலுக்குச் சொந்தக்காரர், சொந்தம் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லாமல்தான் போனார்.

அந்தக் குரல் நம் கைக்கு எப்படி வந்தது?

பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. கீழே விழுந்தால் உடையும். பல தட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மிச்சமிருப்பவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றியது தனி ரசிகர்கள்தான். சோர் பஜார் தெருக்களில் தேடி வாங்கி, துடைத்து, பட்டியல் போட்டு, கேசட்டில் ஏற்றி, இன்னொரு ரசிகருக்குக் கொடுத்தவர்கள். 1990-ல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கமே தொடங்கினார்கள்.

உங்கள் குழுவிலும் பகிர நினைத்தால் சில விஷயங்கள்:

* முதலில் எது? பைரவி ராகத்தில் அவர் பாடிய தும்ரியிலிருந்து தொடங்குங்கள். நம்மூர் பைரவி இல்லை இது. நம் காதுக்கு சிந்துபைரவி பக்கத்தில் வரும்.

* குரல் கீச்சென்று கேட்கிறதா? அது பாடகரின் தப்பு இல்லாமல் இருக்கலாம். அன்றைக்குத் தட்டு சுழலும் வேகம் ஒரே அளவில் இல்லை. டிஜிட்டலாக மாற்றியவர் வேகத்தைச் சரிபார்க்காவிட்டால் சுருதி ஏறிவிடும். வேறு பிரதியும் கேட்டுப் பாருங்கள்.

* பகிர்வது சட்டப்படி சரியா? இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். கௌஹரின் அசல் பதிவுகள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன.

* கடைசி நொடியை வெட்டாதீர்கள். கரகர சத்தம் வேண்டாம் என்று சிலர் முடிவை கட் பண்ணிவிடுகிறார்கள். அவர் பெயர் அங்கேதான் இருக்கிறது.

லேபிள் ஒட்டுபவருக்காகச் சொன்ன பெயர்தான். ஆனால் பிறந்த பெயரை இழந்து, இன்னொரு பெயரைப் பெற்று, அதற்காக கோர்ட் வரை போன ஒரு பெண் தன் குரலிலேயே விட்டுச்சென்ற கையெழுத்து அது. அடுத்த முறை அந்த ஆடியோ வந்தால், முடிவு வரை கேளுங்க.