வள்ளி திருமணம் தந்த சுவாமிகள்

எழும்பூரில் ரயிலேறித் தெற்கே போகும்போது, திண்டிவனம் தாண்டியதும் கொஞ்சம் ஜன்னலோரம் வந்து உட்காருங்கள். விழுப்புரம் வருவதற்குள் மயிலம் என்றொரு சின்ன ஸ்டேஷன் வரும். அந்த ஊர்க் குன்றின் மேல்தான் வள்ளி, தெய்வானையோடு முருகப்பெருமான் நிற்கிறார். சூரபத்மன் மயிலாகத் தவம் கிடந்த மலை என்பது தல புராணம். அங்கே மயில் வடக்கு நோக்கி இருக்கும். போனால் கவனித்துப் பாருங்கள்.

அந்த வள்ளியை நமக்கெல்லாம் வீட்டுப் பெண் மாதிரி ஆக்கியவர் ஒருவர் உண்டு. தினைப்புனத்தில் அவள் ஆலோலம் பாடிக் கிளி விரட்டுவதும், வேடனாக வந்த முருகனிடம் வாயாடுவதும், கிழவனுக்குத் தேனும் தினைமாவும் கொடுப்பதும், யானையைக் கண்டு அலறி ஓடுவதும் கந்த புராணத்தில் இருப்பவைதாம். ஆனால் பாமர ஜனங்கள் அதைக் கண்டதும் கேட்டதும் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில்தான்.

1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்பளத்தில் கணக்கு எழுதினார். இருபத்துநான்கு வயதில் அதை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஆஜானுபாகுவான உடம்பு, இடிமுழக்கமான குரல். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று அச்சமூட்டும் வேடங்களெல்லாம் அவருக்கே வந்தன.

அதுவே வினையாயிற்று. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்த கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது என்று நாடக உலகில் சொல்வார்கள். கேட்கும் நமக்கே நெஞ்சு பதறுகிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? வேடம் கட்டுவதையே விட்டார். காவி உடுத்தித் தலம் தலமாக நடந்தார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. பிறகு நாடகத்துக்குத் திரும்பியபோது ஆசிரியராக மட்டுமே திரும்பினார். அவர் எழுதியவை 68 நாடகங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்!

பெரிய நடிகர்கள் மேடையில் தங்கள் இஷ்டத்துக்குப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அதனாலேயே சிறுவர்களைச் சேர்த்து, 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்த பிள்ளைகள். தப்பாகப் பாடினால் அடி விழும். சாப்பாட்டு நேரத்தில் அவரே தாயும் ஆவார்.

1921-ல் பக்கவாதம் வந்தது. கை, கால் முடங்கின; பேச்சும் போயிற்று. எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய் திறந்து பாடச் சொல்லித் தந்தவர் பேச்சின்றிக் கிடந்தார். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் காலமானார். விழுப்புரம் ஜங்ஷனில் கிளை பிரியும் ரயிலில் போனால் ஒரு மணி நேரப் பயணம்தான் அந்த ஊர். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

அவர் மறைந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. பேசியதும் வள்ளி கதையைத் தேடி வந்தது! 1933-ல் 'வள்ளி திருமணம்' படம். வள்ளியாக டி.பி. ராஜலட்சுமி. சிறுமியாக அவர் நாடகக் கம்பெனி வாசலில் நின்றபோது கைதூக்கிவிட்டவர் நம் சுவாமிகள்தான் என்பார்கள்.

1945-ல் ஏவி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி'. டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. வள்ளிக்குப் பின்னணிக் குரல் பி.ஏ. பெரியநாயகி. உங்கள் பாட்டியைக் கேட்டால் கண் மினுக்கச் சொல்லியிருப்பார்! வேடனாக வந்து மகாலிங்கம் பாடுவது சுவாமிகள் எழுதிய பாட்டு. அந்த உச்சஸ்தாயிக் குரலில் அப்படியே நாடகக் கொட்டகை வாசனை அடிக்கும்.

1961-ல் மறுபடியும் 'ஸ்ரீவள்ளி', இந்த முறை வண்ணத்தில். முருகனாக நடித்தவர் இதே விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன், வள்ளியாக பத்மினி. பழைய முருகனான மகாலிங்கம் இதில் நாரதர்! கண்ணுக்கு நிறைவான படம்தான். ஆனாலும் மூன்றில் எது என்று கேட்டால், என் மனசு 1945-க்குத்தான் போகும். சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் டி.எம். சௌந்தரராஜன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மகாலிங்கம் தானே நடித்துத் தானே பாடினார். சுவாமிகளின் நாடகத்தில் பாட்டும் நடிப்பும் வேறு வேறல்லவே.

எந்தப் படத்திலும் அடங்காதது ஒன்று உண்டு. அதுதான் தர்க்கம். நாரதரும் வள்ளியும் விடிய விடிய வாதாடுவார்களே, அதை இரண்டரை மணி நேரப் படத்தில் எங்கே வைப்பது? மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் போடுகிறார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து வரும் நடிகர்கள், ஒத்திகை கிடையாது, பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அந்த இரவில் வாய்க்கு வந்த வாதம். நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசக்கூடாது என்றவர் நாடகம், அப்படிப் பேசித்தான் நூறு வருஷம் உயிரோடு இருக்கிறது! சுவாமிகள் இதைக் கேட்டால் கோபிப்பாரா, சிரிப்பாரா, தெரியவில்லை.

கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணுக்காக இந்த நாடகத்தை வேண்டுதலாகப் போடுகிறவர்களும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கும். வள்ளி கழுத்தில் முருகன் தாலி கட்டும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பாயில் தூங்கும் குழந்தைகளை எழுப்பிக் கும்பிடச் சொல்வார்கள்.