முள்ளை முள்ளால் எடுத்த மருத்துவர்

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். ஆனால் ஒரு நோயை மற்றொரு நோயின் கிருமியால் விரட்ட முடியுமா? முடியும் என நம்பி, அதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் வில்லியம் கோலி.

இவர் 1862ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, நியூயார்க் நகரில் அறுவை மருத்துவரானார். 1890ஆம் ஆண்டு பெஸ்ஸி டேஷியல் என்னும் 17 வயதுப் பெண் சிகிச்சைக்காக அவரிடம் வந்தாள். அவள் கையில் ஏற்பட்டிருந்தது சார்கோமா என்னும் கொடிய புற்றுநோய். முழங்கைக்குக் கீழே கையை அகற்றியும் பயனில்லை. 1891 ஜனவரியில் அவள் மறைந்தாள்.

அந்த மரணம் இளம் மருத்துவரின் உள்ளத்தை உலுக்கியது. ஆயினும் அவர் வருந்தி ஓய்ந்துவிடவில்லை. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். அவற்றுள் ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. பலமுறை அறுவை செய்தும் தீராத கழுத்துக் கட்டியுடன் இருந்த ஒருவருக்கு, எரிசிபெலஸ் என்னும் தோல்நோய் தொற்றியது. தோல் சிவந்து, கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் மறைந்திருந்தது! கோலி அம்மனிதரைத் தேடி அலைந்து கண்டுபிடித்தார். அவர் நலமாகவே இருந்தார்.

இதனால் ஊக்கம் பெற்ற கோலி, அதே ஆண்டில் ஒரு நோயாளிக்கு உயிருள்ள கிருமிகளைச் செலுத்தினார். கட்டி கரைந்தது. ஆனால் இம்முறையில் ஆபத்தும் இருந்தது. தொற்றினால் சிலர் உயிரிழந்தனர். எனவே கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு ஒரு கலவை தயாரித்தார். 1893இல் வயிற்றில் பெருங்கட்டியுடன் கிடந்த 16 வயதுச் சிறுவன் அதனால் குணமடைந்து, பல்லாண்டு வாழ்ந்தான்.

எனினும் எல்லோருக்கும் ஒரே பலன் கிட்டவில்லை. எவ்வாறு குணமாகிறது என்பதையும் அக்காலத்தில் விளக்க இயலவில்லை. கதிர்வீச்சு மருத்துவம் பரவியதும் கோலியின் முறை ஒதுக்கப்பட்டது. 1936இல் அவர் காலமானார்.

அவருடைய பணியை மறையவிடாமல் காத்தவர் அவர் மகள் ஹெலன். இவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். தந்தையின் தாள்களைத் தொகுத்து, நோயாளிகளின் வரலாறுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். 1953இல் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவி, 2001இல் மறையும்வரை இத்துறைக்கே உழைத்தார்.

நம் உடலின் காவற்படையைக் கிருமிகள் தட்டியெழுப்புகின்றன. விழித்த அப்படை புற்றணுக்களையும் தாக்குகிறது என்பதை இன்று அறிவியல் அறியும். குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடும் பி.சி.ஜி. மருந்தே சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது. உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸை மாற்றியமைத்து, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு மருந்தாக்கியுள்ளனர். இதற்கு 2015இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அந்த வைரஸ் புற்றணுக்குள் பெருகி, அதை வெடிக்கச் செய்து, காவற்படைக்கும் அடையாளம் காட்டுகிறது.

மாணவியரே! ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியாத துயரில் பிறந்த தேடல் இது. தந்தை விதைத்தார், மகள் நீரூற்றினாள், பயனை நோயாளிகள் பெறுகின்றனர். நம் முயற்சியின் கனியை நாமே காணாவிடினும், உண்மையான உழைப்பு வீண்போவதில்லை.