கரிசல் மண்ணில் மலர்ந்த அரபு வரலாறு

மணியாச்சிச் சந்திப்பில் இறங்கி, வடக்கே கரிசற் காடுகளைக் கடந்து சென்றால் எட்டயபுரம். அங்கே அடங்கியிருக்கும் உமறுப் புலவரை (1642–1703) நினைவுகூர்வது நம் கடமையாகும்.

எட்டயபுர அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர் உமறு. இளமையிலேயே புலமை வாதில் வென்று புகழ் பெற்றார் என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாகக் காண விழைந்தார் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. மூலச் செய்திகளோ அரபு மொழியில் இருந்தன. மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா முதலில் தயங்கிப் பின்னர் இசைந்தார் என்பதும், ஆலிம்கள் உரை சொல்ல உமறு பாடினார் என்பதும் வழிவழி வரும் செய்திகள். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் புலவரைப் புரந்தார்.

இவ்வாறு பிறந்ததே 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம். குறைசியரின் பகை, 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத், 624இல் நிகழ்ந்த பத்றுப் போர் என அரபகத்தின் சமயமும் அரசியலும் அதில் விரிகின்றன. ஆயினும் அப்பாலை நிலத்தில் மழையும் ஆறும் நெல்வயலும் பொலியக் காண்கிறோம். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவரின் வேட்கையும் அதில் கலந்ததோ என எண்ணத் தோன்றுகிறது.

நபிகளாரின் இறுதிக் காலத்தைப் பாடாமலே காப்பியம் நின்றது. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார்.

அரபு கற்ற ஆலிமும் தமிழ் கற்ற புலவரும் ஒருங்கமர்ந்ததால் விளைந்த செல்வம் இது. அவ்விரு கல்வியையும் வேறாக்கிப் பயிலும் நாம், அந்த இணைப்பை மீட்பதே உமறுவுக்குச் செய்யும் நன்றியாகும்.