குப்பை பொறுக்கிப் படித்த ஜனாதிபதி

அமெரிக்காவின் 36-வது ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். 1963-ல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தப் பதவிக்கு வந்தவர். ஆனால், அவர் முதலில் படித்தது சரித்திர ஆசிரியர் ஆவதற்குத்தான்!

ஜான்சன் 1908-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை சட்டசபை உறுப்பினராக இருந்தவர். என்றாலும் விவசாயத்தில் நஷ்டப்பட்டுக் கடனாளி ஆனார். தாயார் பட்டம் பெற்றவர். மகனும் கல்லூரிக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனோ கேட்கவில்லை. கலிபோர்னியாவுக்கு ஓடினார். திரும்பி வந்து, சாலை போடும் கூலியானார்.

உடம்பு நொந்த பிறகுதான் புத்தி வந்தது. 1927-ல் சான் மார்க்கஸ் ஊரில் உள்ள ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். கையில் இருந்தது, பாங்கியில் கடன் வாங்கிய 75 டாலர்.

விளக்குமாறு பிடித்தார்

அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? கல்லூரித் தோட்டத்தில் குப்பை பொறுக்கினார். கட்டடங்களைப் பெருக்கினார். பிறகு கல்லூரித் தலைவர் ஈவன்ஸின் அலுவலகத்தில் எடுபிடி வேலை கிடைத்தது.

சரித்திரமும் அரசியலும் அவருக்குப் பிடித்த பாடங்கள். அரசியல் பேராசிரியர் கிரீன், மாணவர்களைத் தம்மோடு வாதாட விடுவார். ஜான்சன் அங்கேதான் வாதத்தில் தேறினார்.

பசித்த பிள்ளைகள்

1928-ல் பணம் தீர்ந்தது. படிப்பை ஓர் ஆண்டு நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்ற ஊருக்கு வேலைக்குப் போனார். மாதம் 125 டாலர் சம்பளம். மெக்சிகோ வம்சத்து ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. 20 வயதில் ஆசிரியரும் அவரே, தலைமை ஆசிரியரும் அவரே!

காலையில் பட்டினியோடு வந்த பிள்ளைகள் பலர். விளையாட ஒரு பந்துகூட இல்லை. முதல் மாதச் சம்பளத்தில் பந்தும் மட்டையும் வாங்கிக் கொடுத்தார் ஜான்சன். பேச்சுப் போட்டி நடத்தினார். பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கும் ஆங்கிலம் கற்பித்தார். கண்டிப்பும் அதிகம். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசிய பையன்களுக்கு அடி விழுந்தது. அவர்களுடைய தாய்மொழியே அதுதான் என்பதை அந்த இளம் ஆசிரியர் எண்ணிப் பார்க்கவில்லை.

சேர்த்த பணத்தோடு கல்லூரிக்குத் திரும்பினார். 1930 ஆகஸ்டில் பட்டமும், ஆசிரியர் தகுதிச் சான்றும் பெற்றார். ஹூஸ்டன் நகர உயர்நிலைப் பள்ளியில் பேச்சுக்கலை ஆசிரியர் ஆனார். அவருடைய மாணவர்கள் மாநில இறுதிப் போட்டி வரை போனார்கள். 1931-ல், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்குக் காரியதரிசியாக வாஷிங்டன் புறப்பட்டார். ஆசிரியர் உத்தியோகம் அத்தோடு முடிந்தது.

மறக்கவில்லை

ஆனால், கொட்டுல்லா பிள்ளைகளின் முகம் அவரை விடவில்லை. 1965 மார்ச்சில், நீக்ரோ மக்களின் ஓட்டுரிமைக்காகக் காங்கிரசில் பேசியபோதும் அந்தப் பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். ஏப்ரலில், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உதவும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவர் அருகில் உட்கார்ந்திருந்தவர், அவருக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியை!

வியட்நாம் போர் அவருடைய பெயரைக் கெடுத்தது. 1968 தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார். 1973-ல் காலமானார்.

ஆனாலும் ஒரு நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1965 நவம்பர் 8. வசதியற்ற மாணவர்கள் கல்லூரியில் படிக்க உதவித்தொகையும் கடனும் தரும் சட்டம் அன்று கையெழுத்தாயிற்று. வாஷிங்டனில் அல்ல, சான் மார்க்கஸ் கல்லூரியில்! 75 டாலர் கடனோடு வந்து, அவர் குப்பை பொறுக்கிய அதே இடத்தில்.